எடுக்காதே என்று எழுதியவர்

பில்ட் ஓட ஆரம்பித்துவிட்டது, எழுதிய கோட் முழுவதையும் மெஷின் தன் மொழிக்கு மாற்றிக்கொள்ளும் வேலை. இனி சாயங்கால டீ வரைக்கும் தாணுமாலயனுக்கு ஒரு வேலையும் கிடையாது. திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறி மேலே போய் மறைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை எடுத்ததற்கு இத்தனை ஆயிரம் ஃபைலும் மறுபடி முதலிலிருந்து கம்பைல் ஆகிறது, ஏனென்றால் அது இருந்தது ஹெடர் ஃபைலில். ஹெடரில் ஒரு கமாவைத் தொட்டாலும் அதை நம்பியிருக்கிற ஃபைல் எல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்ளும், என்னமோ குடி முழுகிப் போன மாதிரி. நிலோஃபருக்கு அதுதான் எரிச்சல். “சார், இந்த ஒரு ஹெடரால நாள்ல பாதி நேரம் எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். தேவையில்லாததை எல்லாம் இழுத்துப் போட்டு வெச்சிருக்கு. ஒண்ணொண்ணா எடுத்துரப் போறேன்,” என்று போன வாரமே சொல்லிவிட்டாள். டீம் அவளுடையது, அவள் சொல்லலாம். பால் சொசைட்டிகளில் பாலைக் குளிரவைக்கும் தொட்டிகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிற கம்பெனி இது, பெருங்குடியில் ஐந்தாவது மாடி. பெட்டிக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டர், அதன் அடிமடியில் ஒரு கெர்னல், மற்ற எல்லா புரோகிராமும் அதன் தலைமேல்தான் நிற்கிறது. அந்தக் கெர்னலை இந்தப் பெட்டிக்காக வளைத்து நிமிர்த்தி வைத்தவர் தாணு. ஐம்பத்தாறு வயது. அலுவலகத்தில் தாணு சார் என்றால் கெர்னல், கெர்னல் என்றால் தாணு சார். காலையில் நிலோஃபர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டியது அந்த வரியைத்தான். பெட்டிக்குள் இருக்கிற சர்க்யூட் போர்டுக்கு உரிய ஆப்ஷன்களை அறிவிக்கிற இன்னொரு ஹெடரை உள்ளே இழுக்கும் வரி. பக்கத்திலேயே ஒரு குறிப்பு. எடுக்காதே. தாணு. அவ்வளவுதான். “இது எதுக்கு சார்?” என்றாள். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பார்த்தார். அட, எதுக்கு?

எதற்கென்று தெரியவில்லை. மறந்துபோவது புதிதில்லை, எழுதி முடித்த மறுநாளே எழுதியது அந்நியமாகிவிடும் தொழில் இது, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பழைய வரலாற்றைப் புரட்டினால் தெரிந்துவிடும் என்றால், அதையும் பார்த்தாயிற்று. நடுவில் ஒருமுறை எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றியபோது பழைய மாற்றங்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி ‘தொடக்கம்’ என்று பேர் வைத்துப் போட்டுவிட்டார்கள், அதற்கு முந்தியது கிடையாது. சரி, போகட்டும். வரலாறு எதற்கு, கோட் கண்ணெதிரே இருக்கிறது, படித்தால் தெரியாதா? ஹெடர் என்பது என்ன, உள்ளே சரக்கு கிடையாது, இப்படி ஒரு பொருள் இருக்கிறது, அதன் அளவு இவ்வளவு, வடிவம் இப்படி என்று சொல்லும் ஒரு வாக்கு. அந்த வாக்கை யார் யார் நம்பியிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு போனால் போதும். காலையிலிருந்து தேடிக்கொண்டு போனார். முதல் ஃபைலைத் திறந்தார், அது இரண்டாவதைச் சுட்டியது, இரண்டாவதைத் திறந்தார், அது மூன்றாவதைச் சுட்டியது, மூன்றாவதுக்குப் போய் நின்றதும் முதல் ஃபைலில் என்ன பார்த்தோம் என்பது கையை விட்டுப் போய்விட்டது. திரும்பி வந்தார். மறுபடி முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. மறுபடி போய்விட்டது. முன்பெல்லாம் ஏழெட்டு ஃபைலை மனசுக்குள் பரப்பி வைத்துக்கொண்டு, பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறபோதே தப்பு எங்கே என்று பிடித்துவிடுவாரே. அந்த ஆள் எங்கே போனான்? நாலாவது தடவை திரும்பி வந்ததும் ஃபைல்களை மூடிவிட்டார். “எடுத்துப் பாத்துரு, நிலோஃபர். ஏதாவது உடையுதான்னு பாப்போம்,” என்று சொல்லிவிட்டார். இந்தத் தொழிலில் அது ஒரு வழக்கம். ஒரு வரி எதற்கென்று தெரியாவிட்டால் எடுத்துப் பார், எங்கே அலறுகிறதோ அங்கே அதற்கு வேலை இருக்கிறது. அவள் அதைப் பெரிய மனசு என்று எடுத்துக்கொண்டாள். பெரிய மனசாவது மண்ணாவது, பயம்.

பயம்தான். பயம் என்று மனசுக்குள்ளாவது சொல்லிக்கொள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள். திரையில் பேர்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன, மெமரி பகுதி போகிறது, அடுத்து ஃபைல் சிஸ்டம் வரும், அதற்கப்புறம் ஒவ்வொரு கருவியையும் இயக்குகிற டிரைவர் புரோகிராம்கள் வரிசை கட்டி வரும், அது பெரிய ஊர்வலம். இந்த வரிசை மட்டும் எப்படி மறக்கவில்லை? கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பழையது எல்லாம் அப்படியே இருக்கிறது, காலேஜில் ஹாஸ்டல் அறையின் எண், முதல் சம்பளத்தில் வாங்கிய சட்டையின் நிறம், ஒன்றும் போகவில்லை. போகிறது எல்லாம் போன மாதம், போன வாரம், இப்போது. மேடவாக்கம் சிக்னலில் அன்றைக்கு ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு நின்றாரே, பச்சை விழுந்தது, இடமா வலமா? இருபது வருஷமாகத் திரும்புகிற இடம். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், ஒருத்தன் “யோவ் பெருசு, தூங்கறியா?” என்று கத்திக்கொண்டே போகிறான், இவருக்கு இடமா வலமா என்று தெரியவில்லை. தெருவும் தெரிகிறது, மருந்துக்கடையும் தெரிகிறது, அந்த மஞ்சள் பெயின்ட் அடித்த பேக்கரியும் தெரிகிறது, ஆனால் அதிலெல்லாம் தன்னுடையது என்று எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரு சிக்னல்தான். அடுத்த பச்சைக்குள் எல்லாம் திரும்பி வந்துவிட்டது, ஒன்றுமே நடக்காத மாதிரி. வீட்டில் பகவதி “ஏன் லேட்டு?” என்றாள். “செம டிராஃபிக்,” என்றார். பொய் எவ்வளவு சுளுவாக வந்தது! கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவளிடம் சொன்ன பொய்களை எண்ணினால் ஒரு கைவிரல் தாண்டாது. இந்த ஆறு மாசத்தில்தான் அது தினப்படி சமாச்சாரம் ஆகிவிட்டது. பூட்டுக்குப் பூட்டு என்ற பேர் வராமல் “அதான், அந்த இது” என்று கையைத் திருகிக் காட்டியதற்கு ஒரு பொய். கேஸ் அடுப்பை அணைக்காததற்கு ஒரு பொய். களைப்பாக இருக்கிறது. மறப்பதைவிட மறக்காத மாதிரி நடப்பதுதான் ஆளைக் கொல்கிறது, நாள் முழுக்கக் கனத்த வாளியைத் தளும்பாமல் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி. வேலைக்குக்கூட இவ்வளவு களைத்ததில்லை.

அப்பாவும் இப்படித்தான் ஆரம்பித்தார். ஐயோ, அதை நினைக்க வேண்டாம். டிரைவர் வரிசை ஆரம்பித்துவிட்டதா என்று பார்ப்போம். இல்லை, இன்னும் ஃபைல் சிஸ்டந்தான். அப்பா போக்குவரத்துக் கழகத்தில் டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டர், நாகர்கோவில் வட்டாரத்தில் அவர் பஸ்ஸில் கால் வைத்தால் கண்டக்டர்கள் பையிலிருக்கும் காசை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். ரிட்டயர் ஆகி அம்மாவும் போனபிறகு மேடவாக்கத்துக்கு இவர் வீட்டுக்கு வந்தார். முதலில் பேர்கள்தான் போயின. யார் பேரைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு, “தெரியாதா பின்ன!” என்று. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்று கண்டுபிடிக்கவே வீட்டில் ஒரு வருஷம் ஆயிற்று, அவ்வளவு கெட்டிக்கார மனுஷன். பிறகு ஒருநாள் ஹாலில் நின்றுகொண்டு, டிவி பார்த்துக்கொண்டிருந்த தாணுவிடம் கையை நீட்டி “டிக்கெட்?” என்றார். “அப்பா, இது வீடு. நான் தாணு,” என்றார் இவர். அவர் கையை மடக்கவில்லை. “டிக்கெட் எடுத்தீங்களா இல்லையா, அதச் சொல்லுங்க.” மரியாதை வேறு. பெத்த பிள்ளைக்கு மரியாதை! தாணுவுக்கு வந்ததே கோபம், “சும்மா உக்காருங்கப்பா!” என்று கத்திவிட்டார். அப்பா பயந்துபோய் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பகவதிதான் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், தன் கைப்பையைக் கிளறிப் பழைய பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினாள். “இந்தாங்க சார், ரெண்டு பேருக்கும் சேத்து எடுத்திருக்கு.” அப்பா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஓரத்தை லேசாகக் கிழித்தார், திருப்பிக் கொடுத்தார், போய் நிம்மதியாகப் படுத்துவிட்டார். அதற்கப்புறம் எங்கே போனாலும் டிக்கெட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டு வருவாள் பகவதி. மூன்று வருஷம். குளிப்பாட்டியது, ஊட்டியது, ராத்திரியில் வாசல் கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்தது, எல்லாம் அவள். அப்பா போன அன்றைக்கு எல்லாரும் அழுதார்கள், அவள் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து அசந்து தூங்கிப் போனாள். யாரும் எழுப்பவில்லை. இவரும் எழுப்பவில்லை. அந்தத் தூக்கத்தைப் பார்த்தபோதுதான் அவளிடம் என்ன வாங்கிவிட்டோம் என்று புரிந்தது. அவளிடம் போய், இன்னொரு தடவை, இந்தா இது அடுத்த ஆள் என்று எப்படிச் சொல்வது? அவளுக்கும் ஐம்பத்திரண்டு ஆகிறது. முழங்கால் வேறு வலிக்கிறது அவளுக்கு.

போன் அடித்தது. பகவதிதான். நினைத்த மாத்திரத்தில் கூப்பிடுவாள், அது அவளிடம் ஒரு வித்தை. “என்னங்க, சாப்பிட்டாச்சா?” ஆச்சு என்றார். ஆச்சா? டப்பா மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறது, ஆமாம், ஆச்சு. “ஞாயித்துக்கெழம குமரேசன் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு என்ன வாங்கலாம்ணு யோசிச்சு வைங்க, சாயங்காலம் வந்ததும் கடைக்குப் போவோம். நேத்து சொன்னேன்லா.” குமரேசன் அவள் தம்பி. வீடு கட்டுகிறானா? நேற்று சொன்னாளா? நேற்று ராத்திரி என்ன செய்தோம்? சாப்பிட்டோம். அதற்கப்புறம்? “ஆமா ஆமா, தெரியாதா பின்ன!” என்று சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அவருக்கே கேட்டுவிட்டது. அப்பாவின் சிரிப்பு. அதே இழுப்பு, அதே ‘பின்ன’. அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த குழாயைப் பகவதி மூடுகிற சத்தம் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்குமோ? “சரி, வச்சுடட்டா?” என்றாள். இப்போது சொல்லிவிடலாம். பகவதி, எனக்கு என்னமோ ஆகிறது என்று நாலு வார்த்தை. “வேலை ஓடுது, வச்சிரு,” என்றார்.

டிரைவர் வரிசை வந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் இருக்கிறதில் நமக்கு வேண்டியதற்கு மட்டும் ஆம் போட்டு, மற்றதற்கு எல்லாம் இல்லை போட்டு வைத்திருக்கிறோம். கெர்னலில் அவருக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அது. வேண்டாம் என்று அணைத்துவிட்ட ஆப்ஷனைக்கூட அந்தப் பட்டியலிலிருந்து துடைத்துவிடாது, ‘இது போடப்படவில்லை’ என்று ஒரு வரி எழுதிவைத்திருக்கும். இல்லாததற்கும் ஒரு இடம், ஒரு பேர். மண்டைக்குள் அப்படி ஏதாவது இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். குமரேசன் வீடு, போடப்படவில்லை. மேடவாக்கம் சிக்னல், போடப்படவில்லை. என்னென்ன போயிற்று என்றாவது தெரியுமே. இங்கே போனதும் தெரியவில்லை, போன இடமும் தெரியவில்லை, இரண்டு பக்கமும் தழும்புகூட இல்லாமல் சேர்ந்துகொண்டுவிடுகிறது. சரி, ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்வோம் என்று நினைத்தார். யாரோடு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. இந்த பில்ட் முடிவதற்குள் அந்த வரியை எதற்கு எழுதினோம் என்று ஞாபகம் வந்துவிட்டால், எனக்கு ஒன்றுமில்லை. வயசு, தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான். யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, டாக்டரிடம் போக வேண்டியதில்லை. வராவிட்டால்? வராவிட்டால் சொல்லிவிடுவது. அதற்குமேல் அந்த வாளியைத் தூக்க முடியாது. கண்ணை மூடினார். எடுக்காதே. தாணு. எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன்? மழை பெய்ததா? பழைய ஆபீஸா, அந்த மாடிப்படி ஏறிப் போவோமே, கீழே ஜெராக்ஸ் கடை? பக்கத்தில் யார்? ஜெராக்ஸ் மெஷின் சூடு வாசனை வருகிறது, யாரோ வடை கொண்டு வருகிறார்கள், பொட்டலத்தில் எண்ணெய். அதற்குப் பக்கத்தில் அந்த வரி இருக்க வேண்டும், இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் தெரிந்துவிடும், இன்னும் கொஞ்சம். வடை தெரிகிறது. அந்த எண்ணெய்க்கறை தெரிகிறது. சனியன், வடை எதற்கு ஞாபகம் வரணும்! கண்ணைத் திறந்தபோது திரை அசையாமல் நின்றிருந்தது.

முடிந்துவிட்டது. ஒரு பிழை இல்லை, ஒரு எச்சரிக்கை இல்லை, எல்லா போர்டுக்கும் சேர்த்து சுத்தமாக வந்து நின்றிருந்தது. நிலோஃபர் தன் இடத்திலிருந்தே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். “சார், சத்தமே இல்லாம வந்திருச்சு பாருங்க! லேப்ல பழைய போர்டு, புது போர்டு ரெண்டுலயும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு, வரியத் தூக்கிருறேன்.” பேர் போட்ட வரியை எடுப்பதென்றால் எல்லா போர்டிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கணும், அது அந்த டீமில் ஒரு மரியாதை. அவள் எழுந்து லேப்புக்குப் போனாள். ஆக, ஒன்றுமில்லாத ஒரு வரி. வேலை இல்லாத ஒரு வரிக்குப் பக்கத்தில் பெரிய இவன் மாதிரி பேரைப் போட்டு எடுக்காதே என்று எழுதியிருக்கிறோம். காரணமே இல்லையென்றால் காரணம் மறந்துபோனது எப்படிக் குற்றமாகும்? இப்படி ஒரு வழி இருக்கிறதே! ஒரு நிமிஷம் மனசு லேசானது. அடுத்த நிமிஷம் பயம் மறுபடி வந்து உட்கார்ந்தது. மூன்றாவது ஃபைலுக்குப் போனதும் முதல் ஃபைல் காணாமல் போயிற்றே, அதற்கு என்ன சொல்கிறாய்? குமரேசன் வீட்டுக்கு என்ன சொல்கிறாய்? எழுந்துபோய் முகம் கழுவினார். கண்ணாடியில் தெரிந்தவர் நன்றாகத்தான் இருந்தார், தலை சீவி, சட்டைப்பையில் பேனா குத்தி, பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதுதான் பயமாக இருந்தது. துண்டைத் தேடினார், துண்டு இங்கே ஏது, இது ஆபீஸ். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

லேப் கதவு படாரென்று திறந்தது. நிலோஃபர் ஓட்டமும் நடையுமாக வந்தாள், முகமெல்லாம் வெளிச்சம். “சார்! சார், நீங்க மனுஷனே இல்ல சார்!” பக்கத்து மேசைகளில் தலைகள் திரும்பின. “புது போர்டு நல்லா ஓடுது. பழைய போர்டுல நாலு டிகிரி பாலுக்கு எழுநூறு டிகிரின்னு காட்டுது சார், எழுநூறு!” நாற்காலியை இழுத்துப் போட்டு மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். பழைய போர்டில் தொட்டிக்கு இரண்டு சென்சார். இரண்டாவது சென்சார் உண்டா இல்லையா என்பது ஒரு ஆப்ஷன். அந்த ஆப்ஷனைச் சொல்கிற ஹெடரை எடுத்துவிட்டதால், பாதி ஃபைலுக்கு அப்படி ஒரு பேரே தெரியவில்லை. தெரியாத பேரைக் கண்டால் கம்பைலர் நின்று கேட்காது, பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். ஆகவே பாதி ஃபைல் ஒரு சென்சார் என்று நினைக்கிறது, அந்த ஹெடரை வேறு வழியாக இழுத்துக்கொண்ட மீதிப் பாதி இரண்டு என்று நினைக்கிறது, ஒன்று எழுதி வைத்த இடத்தில் மற்றது வேறு எதையோ படிக்கிறது. “ஒரு எரர் கிடையாது, ஒரு வார்னிங் கிடையாது. இது மட்டும் வெளிய போயிருந்தா ஊர் ஊரா பால் கெட்டுப் போயிருக்கும், நாங்க ஒரு மாசம் தலைய பிச்சுக்கிட்டு அலைஞ்சிருப்போம். ஒத்த வரியில கட்டி நிறுத்தி வெச்சிருக்கீங்க!” அவள் மற்றவர்களைப் பார்த்துத் திரும்பினாள். “காலைலயே இவருக்குத் தெரியும்ப்பா. எடுத்துப் பாரு, ஏதாவது உடையுதான்னு பாப்போம்னு சொன்னாரு. நாமளாவே கண்டுபிடிக்கணும்னு விட்டிருக்காரு. இத்தனை வருஷம் கழிச்சும் எப்படி சார் இதெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கீங்க?”

எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு சென்சார். பாதி ஃபைல், பாதி ஃபைல். அவள் சொன்னது ஒவ்வொன்றும் புரிந்தது, நன்றாகப் புரிந்தது, யாரோ ஒரு கெட்டிக்காரன் செய்த காரியத்தைக் கேட்கிற மாதிரி. இப்போதாவது வரும் என்று காத்திருந்தார். அந்தப் போர்டு, அந்தப் பால், அன்றைக்குத் தப்பைப் பிடித்தபோது அடித்திருக்க வேண்டிய நெஞ்சு, ஒன்றும் வரவில்லை. சும்மா ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும். இன்னும் ஒரு வருஷம், ஏன், இரண்டு வருஷங்கூட ஓட்டலாம். இப்படி ஒரு பேர் வாங்கினவனை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? மற்றவர்கள் தங்கள் வேலைக்குத் திரும்பும்வரை பொறுத்திருந்தார். பிறகு, “எனக்கு ஞாபகம் இல்ல, நிலோஃபர்,” என்றார்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “போங்க சார், சும்மா கலாய்க்காதீங்க!”

“இல்லம்மா. ஏன் எழுதினேன்னு காலைலயும் தெரியாது. இப்ப நீ சொன்னப்புறமும் வரல.” குரல் எங்கிருந்தோ வருகிற மாதிரி அவருக்கே இருந்தது. “ஆறு மாசமா இப்படித்தான் இருக்கு.”

சிரிப்பு அவள் முகத்தில் பாதியில் நின்றது. நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துக்கொண்டாள். “வீட்ல தெரியுமா சார்?” என்றாள் மெல்ல.

தெரியாது என்று தலையாட்டினார். அவள் எழுந்து, அந்தப் பக்கம் காலியாக இருந்த மீட்டிங் ரூம் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, அவர் உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். தாணு போனை எடுத்தார். மணி இரண்டு தடவைகூட அடிக்கவில்லை.

“சொல்லுங்க,” என்றாள் பகவதி.

சொன்னார்.